பொட்டலில் நான் நட்ட வேப்பங்கன்று

1

இன்று காலை ஒரு பறவைக்காக ஒரு இயந்திரத்தை நிறுத்தினேன். மாடி வீட்டு உயரம் இருக்கிற இயந்திரம். புல்வெளியின் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்க வந்துகொண்டிருந்தது. அது வருகிற வழியில், தரையோடு தரையாக, ஒரு பறவை முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. குதிகாலை ஊன்றித் திருப்பினால் எவ்வளவு பள்ளம் விழுமோ அவ்வளவுதான். நம்மூர் ஆள்காட்டிக் குருவிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வயர்லெஸ்ஸில் சொன்னதும் இயந்திரம் நின்றது. அதை ஓட்டுகிற டேல் கண்ணாடியை இறக்கி, "உலா, உன் பறவைக்கு நாங்கள் வாடகை வேறு கொடுக்கணுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு பிளாஸ்க்கைத் திறந்து காப்பி குடிக்க ஆரம்பித்துவிட்டார். குஞ்சு பொரித்துப் பறவை நகர்கிறவரை அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. கொடி நட்டு, கயிறு கட்டி, மேலிடத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுதேன் என்று நினைக்க வேண்டாம். எரிச்சலில்தான் அழுதேன்.

என் பெயர் உலகம்மாள். தென்காசிக் கோயில் அம்மன் பெயர். வீட்டில் உலகு, இங்கே உலா. இது அமெரிக்காவில் வயோமிங் என்கிற மாநிலம். மரமே இல்லாத மேட்டுநிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் புல்லும், முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் புதரும், ஓயாத காற்றும்தான். அதற்குக் கீழே நிலக்கரி. கரியைத் தோண்டுகிற நிறுவனத்தில் எனக்கு வேலை. தோண்டுவதற்கு முன்னால் அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்க்கணும், தோண்டும்போது அதுகளுக்கு ஆகிற சேதத்தைக் குறைக்கணும், தோண்டி முடித்ததும் நிலத்தைப் பழையபடி ஆக்கணும். "அப்போ பள்ளம் தோண்டுதவன்கிட்டயே சம்பளம் வாங்கிட்டு அவன் தோண்டுததைக் குறை சொல்லுத வேலையா?" என்று அத்தான் ஒருமுறை கேட்டார். அக்காவின் வீட்டுக்காரர். என் வேலையை அதைவிடச் சரியாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

2

இந்த வேலையில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்றால், சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன.

இங்கே ஒரு வகை மான் உண்டு. ஓட்டத்தில் அதை எதுவும் பிடிக்க முடியாது. ஆனால் வேலி தாண்டத் தெரியாது. தெரியாது என்பதைவிட, அதற்குத் தோன்றாது என்று சொல்லலாம். எப்போதும் கம்பிக்கு அடியில் குனிந்து நுழைந்துதான் போகும். அதனால் நாங்கள் வேலி போட்டால் கடைசிக் கம்பியில் முள் இருக்கக் கூடாது, முழங்கால் அளவுக்குத் தூக்கிக் கட்டியிருக்கணும். இதற்காக எத்தனை ஒப்பந்தக்காரர்களோடு சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா! என் ஆங்கிலம் கோபம் வந்தால் நொண்டும். ஒருமுறை "வேலிக்கு அடியில் மான் தவழும்" என்று சொல்லப்போய் வார்த்தை கிடைக்காமல், ஒப்பந்தக்காரர் முன்னால் நானே குனிந்து நுழைந்து காட்டினேன். சேலைத் தலைப்பு பிரச்சினை இங்கே இல்லாததால் மானம் தப்பியது. அந்த வேலி மட்டும் இன்றுவரை சரியாக இருக்கிறது.

மேல்மண்ணைத் தனியாக எடுத்துக் குவித்து, அதற்குப் பெயர்ப்பலகை வைப்போம். உள்ளே தூங்குகிற விதை செத்துவிடக் கூடாது. பள்ளத்தை மூடிய பிறகு அதே மண்ணைப் பரப்பி, இந்த நிலத்துப் புல்லையே விதைப்போம். ஓணானுக்கும் முயலுக்கும் கற்களைக் குவித்து வைப்போம்.

இதையெல்லாம் செய்தும் பழைய நிலம் வருகிறதா என்று கேட்டால், வருவதில்லை. புல் வரும். புதர் வர என் ஆயுசு போதாது. அந்தப் புதருக்குள்தான் குளிர்காலம் முழுக்க ஒதுங்குகிற கோழி மாதிரி ஒரு பறவை இருந்தது. மூடின பள்ளத்தின் மேல் அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அறிக்கையில் 'முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதுவேன். அதுவும் பொய் இல்லை.

வீட்டுக்கு வந்தால் மகள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் இருப்பாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அவளுக்குத் தென்காசி என்றால் வெக்கை, கொசு, கன்னத்தைக் கிள்ளுகிற பெரியம்மா. கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அவளைப் பெற்றதும் வளர்த்ததும் இந்தக் காற்றில்தானே.

3

போன வருஷம் குற்றாலச் சீசனுக்கு ஊருக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை, மகள் வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் மட்டும்.

அக்கா ஊர் தென்காசிக்குக் கிழக்கே, ஆலங்குளம் போகிற பக்கம். பெயர் வேண்டாம், அக்கா அங்கேயே இருக்கணும். ஊருக்குத் தெற்கே ஒரு பெரிய பொட்டல். செம்மண்ணும் சரளும் கலந்த தரை. குற்றாலத்தில் சாரல் அடித்தால் அதன் கடைசித் தூறல் இந்தப் பொட்டலில் விழும். அதற்கே புல் தலைகாட்டிவிடும். அத்தானுடைய செம்மறிகள் மொத்தமும் இந்தப் பொட்டலை நம்பித்தான். ராத்திரி யார் வயலிலாவது எருவுக்காக ஆடுகளைக் கிடை போடுவார், அதில் கொஞ்சம் வரும்படி. பகலில் மேய்ச்சல் பொட்டலில். கவுதாரி, ஆள்காட்டி, வானம்பாடி, பெரிய கண்ணை வைத்துக்கொண்டு வெயிலில் அசையாமல் நிற்கிற கண்கிலேடி, முயல், நரி என்று அத்தனைக்கும் அதுதான் இடம். கல்லூரியில் விலங்கியல் படித்தபோது நான் முதலில் குறிப்பெடுத்த பறவை அந்தக் கண்கிலேடிதான். அரசாங்கக் கணக்கில் மட்டும் அந்த இடத்துக்குத் தரிசு என்று பெயர்.

பொட்டலின் ஒரு மூலையில் கல்குவாரி வந்து சில வருஷம் ஆகிறது. ஜல்லியும் எம்-சாண்டும் புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும். இப்போது பக்கத்திலேயே இரண்டாவது குழி தோண்ட அனுமதி கேட்டிருந்தார்கள்.

அக்கா இதை என்னிடம் சொன்னது ஐந்தருவியில். பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். தலை முழுக்க எண்ணெய் வழிய, அருவிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்.

"வெடி போடுத அன்னைக்கெல்லாம் சினை ஆடு குட்டியப் போட்டிருது உலகு. செத்த குட்டி. மிச்சம் இருக்குத பொட்டலும் போச்சுன்னா ஆட்ட எங்கன கொண்டு மேய்க்க?"

"அத்தான் என்ன சொல்லுதாவ?"

"அவாளுக்கு என்ன, வாயத் தொறக்க மாட்டாவ. நீ பேசு. அமெரிக்காவுல இதான ஒன் வேலை. ஏட்டி, அங்கன வெள்ளைக்காரன்கிட்ட பேசுததை இங்கன நம்ம ஆள்கிட்ட பேச மாட்டியா?"

பேசுகிறேன் என்றேன். அக்கா அதற்குப் பிறகு நிம்மதியாகப் போய்த் தலையைக் கொடுத்து நின்றாள். எனக்குத்தான் அருவி இதமாக இல்லை.

4

கருத்துக் கேட்புக் கூட்டம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் இன்னும் வாசலில் கட்டியபடியே இருந்தது. மேடையில் அதிகாரிகள். முன்வரிசையில் குவாரியில் வேலை பார்க்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, அவர்கள் பேசியதில் தப்பு ஒன்றும் இல்லை. குவாரிக்காரர் ஒரு ஓரத்தில் வெள்ளைவேட்டியோடு அமைதியாக உட்கார்ந்திருந்தார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். எங்கள் அப்பாவுக்குப் பழக்கம். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "நம்ம வாத்தியார் மவளா! எப்ப வந்த தாயி?" என்று கேட்டார். வில்லன் மாதிரி ஒரு ஆள் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

என் முறை வந்தது. தயாரித்துத்தான் போயிருந்தேன். பொட்டல் சும்மா கிடக்கிற இடம் இல்லை, அங்கே தரையில் முட்டையிடுகிற பறவைகள் இருக்கின்றன, அந்த மாதங்களில் அந்தப் பக்கம் வெடி வைக்கக் கூடாது என்றேன். மேல்மண்ணைத் தனியாகச் சேர்த்து வைக்கச் சொன்னேன். ஆடு போகிற தடத்தை அடைக்கக் கூடாது என்றேன். அதுவரை எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியா ஒண்ணு. தோண்டி முடிச்ச பிறகு அங்கே மரம் நடாதீங்க. பழைய புல்லையே கொண்டு வாங்க" என்றேன்.

முன்வரிசை திரும்பி என்னைப் பார்த்தது. அப்புறம் சிரிப்பு. யாரோ சத்தமாகவே சொன்னார்: "அமெரிக்காவுல இருந்து வந்து மரம் நடாதங்காவ டோய்!"

நான் விளக்க முயன்றேன். மரம் நல்லதுதான், ஆனால் திறந்த வெளியில் வாழ்கிற பறவைக்கு மரம் ஆகாது, மரத்தில் காகமும் பருந்தும் உட்கார்ந்து முட்டையைப் பார்க்கும், நிழலில் புல் போய்விடும், புதர் மண்டினால் காட்டுப்பன்றிதான் வந்து படுக்கும் என்றெல்லாம் சொன்னேன். நடுநடுவே ஆங்கிலம் வந்து விழுந்தது. வயோமிங்கில் தமிழ் குறுக்கே வரும், தென்காசியில் ஆங்கிலம். சொல்லச் சொல்ல எனக்கே நான் பேசுவது கிறுக்குத்தனமாகக் கேட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை மரம் நடு விழாவில் கைதட்டியிருக்கிறோம்? பச்சை என்றால் மரம், மரம் என்றால் புண்ணியம். அதற்கு எதிராக நின்று பேசுகிறவளை யார் நம்புவார்கள்?

கூட்டம் முடிந்ததும் மேடையில் இருந்த ஒரு அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், வயதில் என்னைவிடச் சின்னவர்.

"மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. நானும் இதே பாடம் படிச்சவன்தான். ஆனா மரம் நட வேண்டாம்னு நான் எழுத முடியாது. சுத்தி மரம் வளர்க்கணும்கிறதுதான் விதி. நடலைன்னாத்தான் நடவடிக்கை எடுப்போம்."

"புல்லை எழுதுங்களேன் சார்."

"படிவத்துல புல்லுக்குக் கட்டம் இல்ல மேடம்" என்றார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

5

நான் அமெரிக்கா திரும்ப நான்கைந்து நாள் இருக்கையில் அண்ணாச்சி வீடு தேடி வந்தார். கையில் புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒரு பை. அக்கா காப்பி கொடுத்தாள்.

"தாயி, நீ பேசினதை நான் ரெண்டு நாளா யோசிச்சேன். ஊருக்கு நாம எதாச்சும் செய்யணும். குழி தோண்டி முடியுத வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே கன்னு வச்சிருவோம். வேம்பு, புங்கை, எல்லாம் சொல்லியாச்சு."

"எங்கே அண்ணாச்சி வைக்கப் போறீங்க?"

"மிச்சம் கிடக்குத பொட்டல்லதான்."

"அண்ணாச்சி, வைக்கணும்னா குவாரிக் கழிவு கொட்டியிருக்கிற மேட்டிலே வைங்க. பொட்டலை விட்டிருங்க. அதைத்தான் நான் கூட்டத்திலே சொன்னேன்."

அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அது வெறும் கல்லு தாயி. அங்கன கன்னு புடிக்குமா? பொட்டல்ல நல்ல மண்ணுல்லா. சும்மாதான கிடக்கு. ஆடு கடிக்காம இருக்க சுத்தி கம்பி வேலியும் போட்டுத் தந்திருதேன்."

அத்தான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வேலி என்றதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அண்ணாச்சி நல்லது செய்ய வந்திருக்கிறார், வீட்டுக்கு வந்த ஆள், அப்பா காலத்துப் பழக்கம். எப்படி மறுத்துச் சொல்வது? நான் இன்னும் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும் தாயி" என்றார். புறப்படும்போது, "முதல் கன்னு நீதான் வைக்கணும். எல்லாம் ஒன் யோசனைதான" என்றார்.

விழா நடந்தது. ஷாமியானா, மைக் செட், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பேனரில் என் பாஸ்போர்ட் போட்டோ. அது எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது, அக்கா வேலையாக இருக்கும். அண்ணாச்சி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அமெரிக்காவிலிருந்து வந்து நம் தரிசைச் சோலையாக்கும் நம்ம ஊர்ப் பிள்ளை என்று மைக்கில் சொன்னார்கள். கைதட்டினார்கள். வேப்பங்கன்றை என் கையில் கொடுத்தார்கள்.

குழி ஏற்கெனவே தோண்டியிருந்தது. சுற்றிலும் சாரல் பட்டு முளைத்த பசும்புல். கொஞ்சம் தள்ளி இரண்டு கண்கிலேடிகள், மைக் சத்தத்துக்குக் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு, தலையும் உடம்பும் தரையோடு தரையாக, ஓடிப் போகவும் மனசில்லாமல் பதுங்கியிருந்தன. அப்படிப் பதுங்கினால் பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். வயோமிங்காக இருந்தால் ஒரு வார்த்தை போதும், அத்தனை பேரும் அப்படியே நின்றிருப்பார்கள். இங்கே என்னிடம் கொடியும் இல்லை, கயிறும் இல்லை, தோளில் சரிகைப் பொன்னாடை இருந்தது.

கன்றைப் பிடித்தபடி நின்றேன். மைக்கைப் பிடுங்கி இது வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. அக்கா கிட்டே வந்தாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாம்க்கா. இதை வச்சா ஆடு மேய இடம் இல்ல" என்றேன்.

"தெரியும்டி." குரலை இறக்கினாள். "எல்லாரும் பாத்துட்டு நிக்காவ. பொன்னாடை போட்ட மனுசன் முகத்துல அடிச்ச மாதிரி ஆயிரும். நாளைக்கு நீ பிளேன் ஏறிருவ, நாங்க இங்கன இருக்கணும்லா. வச்சிட்டு வா."

வைத்தேன். மண்ணைத் தள்ளி மூடினேன். ஒரு சிறுமி தண்ணீர்க் குடத்தை நீட்டினாள், அதையும் ஊற்றினேன். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

திரும்பி வந்ததும் மகள் அந்தப் போட்டோவைப் பார்த்தாள். ஊர் விஷயமாக அவள் ஆசைப்பட்டுப் பார்த்த ஒரே படம் அதுதான். "அம்மா, யூ லுக் ஸோ ஹாப்பி" என்றாள். தன் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாள். என் அம்மா தன் ஊரில் காடு வளர்க்கிறாள் என்று எழுதியிருந்தாள். முதல்முறையாக என்னைப் பற்றிப் பெருமைப்பட்ட பிள்ளையிடம் என்ன சொல்வது?

6

இன்று சாயங்காலம் அத்தான் போன் செய்தார். அவர் தானாகப் போன் செய்கிற வழக்கம் கிடையாது. எப்போதும் அக்காதான் பேசி, கடைசியில் அவர் கையில் கொடுப்பாள்.

"ஆட்டையெல்லாம் வெலைக்குக் கொடுத்தாச்சு உலகு" என்றார். "பங்குனியிலயே கொடுத்திட்டேன். ஒன்கிட்ட ஒங்க அக்கா சொல்லல போலுக்கு. வேலி போட்ட பெறவு தடம் இல்ல. ரோட்டு வழியா ஓட்டிட்டுப் போனா லாரி. ரெண்டு தடவ அடிபட்டிருச்சு. எதுக்கு வம்புன்னு கொடுத்திட்டேன்."

"இப்போ என்ன அத்தான் செய்யுதீங்க?" என்று கேட்டேன்.

"வேலைக்குச் சொல்லிட்டாவ. அண்ணாச்சிதான் கூப்பிட்டுக் கொடுத்தாவ. அந்தக் கன்னுவளுக்கு வாட்ச்மேன். காலையில தண்ணி ஊத்தணும், பகல் பூரா ஆடு மாடு உள்ள வராமப் பாத்துக்கணும். வேற ஒண்ணும் இல்ல. நிழலுக்கு ஒரு தகரக் கொட்டாய் போட்டுத் தந்திருக்காவ."

"பறவை எதுவும் நிக்குதா அத்தான்?"

"காக்கா நிக்கு. மயிலு வருது. மத்ததெல்லாம் காணல." அப்புறம் அவர் குரலில் ஒரு உற்சாகம் வந்தது. எனக்கு நல்ல செய்தி சொல்லத்தான் போன் செய்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. "இந்தக் கோடையில பாதிக் கன்னு பட்டுப் போச்சு. ஒன் வேம்பு மட்டும் என் நெஞ்சு உசரம் வந்திருக்கு. நீ வச்சதுல்லா. அதுக்கு மட்டும் நான் சாயங்காலமும் போய் ஒரு குடம் ஊத்துதேன். பட்டுப் போக விட்டிருவேனா?"

வேண்டாம் அத்தான், அதற்கு மட்டும் ஊற்றாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு இனி அங்கே பார்த்துக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

"சரி அத்தான், நல்லா ஊத்துங்க" என்றேன்.